பிரிவதற்கான பத்துக் காரணங்கள்

பொய்ப்பல் கட்டுகிற இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பொய்ப்பல் கட்ட வேண்டுமானால் அதற்குச் சட்டத்தின் சம்மதம் வேண்டும். பதினாறு வருடமாகச் சேர்ந்து உட்கார்ந்து பொய்ப்பல் கட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேருக்குமே இந்த விஷயம் தெரியாது. சட்டத்துக்கும் அவர்களைத் தெரியாது. இரு தரப்பும் ஒருவரையொருவர் அறியாமல் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சை வைத்துக்கொண்டு பல் செட் செய்து கொடுப்பது தொழில். இஸ்திரிக் கடை மாடியில் ஒரே அறை, ஒரே மேசை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் மேல் பல்வரிசையை மட்டும் கட்டுவார். எதிரே உட்கார்ந்தவர் கீழ் வரிசையை மட்டும். மற்ற இடங்களில் ஒரே ஆள்தான் இரண்டையும் செய்வார். இவர்கள் ஏன் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. முதல் நாள் அப்படி உட்கார்ந்தார்கள், அப்படியே ஆகிவிட்டது. டாக்டர்களின் கம்பவுண்டர்கள் ஒருவரை மேல்வரிசை என்றும் மற்றவரைக் கீழ்வரிசை என்றும் கூப்பிடப் போய் அதுவே பெயராக நிலைத்தது. மேல்வரிசை மெழுகில் பல்லை அடுக்கி மேசை நடுவில் வைப்பார். கீழ்வரிசை தன்னுடையதைக் கொண்டுவந்து அதோடு கடிக்க விட்டுப் பார்ப்பார். பொருந்தினால் "ம்" என்பார். அந்த "ம்"மைத் தவிர அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் கிடையாது.

கீழ்வரிசை அந்நியர் இல்லை. மேல்வரிசையின் ஒரே தங்கையைக் கட்டியவர். ஒருவர் "மாப்ள" என்பார், மற்றவர் "மச்சான்" என்பார். மரியாதை குறையாமல், சத்தம் உயராமல், பதினாறு வருடம் போய்விட்டது.

வினை ஆஸ்பத்திரி உருவத்தில் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த பெரிய தர்ம ஆஸ்பத்திரி, தன்னிடம் வருகிற பல்லில்லாதவர்கள் எல்லோருக்கும் இவர்களே பல் கட்டித் தர வேண்டும் என்று ஆள் அனுப்பியது. டாக்டர்கள் ஒவ்வொருவராக எந்திரத்தில் பல் வார்க்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்த வேலை கிடைத்தால் மேசை நிற்கும். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடத்தில் இருவரும் வேறு வேறு கதவைத் தட்ட வேண்டியதுதான். ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்றுதான் கேட்டது: கூட்டுத் தொழில் என்பதற்குப் பதிவுச் சான்றிதழ். இரண்டு மாதத்துக்குள்.

"ஒரு காகிதம்தானே மச்சான். நாளைக்குப் போய் வாங்கிட்டு வந்துடலாம்," என்றார் கீழ்வரிசை.

மறுநாள் காலையில் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு இருவரும் தொழில் பதிவகத்துக்குப் போனார்கள். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று நான்கு ஜன்னல்கள் இருந்தன. நான்காவது எங்கே என்று கேட்டதற்கு, அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை என்றார் காவலாளி.

முதல் ஜன்னல் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"தனியா, கூட்டா?"

"கூட்டுங்க," என்றார் மேல்வரிசை கொஞ்சம் பெருமையாகவே.

அம்மாளுக்கு நல்ல மனசு. முகத்தில் நிஜமான இரக்கம் வந்தது. "ஏங்க இந்த வேண்டாத வேலை? தனி ஆள்னா ஒரே தாள். பேரு, விலாசம், கையெழுத்து. அரை மணி நேரத்துல கையில சர்டிபிகேட். தனியா இருக்கறவனைப் பார்த்து சட்டத்துக்கு ஒரு பயமும் இல்லை. ரெண்டு பேர் சேர்ந்து வந்தாத்தான் எங்களுக்கு வேலை."

"ரெண்டு பேராத்தாங்க பல்லு கட்டறோம்."

"சரி, உங்க தலையெழுத்து," என்று சொல்லி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவில் ஒரு படிவக் கட்டை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினார் அம்மாள். முன்னதாக அந்த ஒற்றைத் தாளையும் ஒரு தரம் ஆட்டிக் காண்பித்தார். மேல்வரிசை அதைப் பார்க்கவில்லை. கீழ்வரிசை பார்த்தார்.

முதலில் பெயர். 'ஒற்றுமை பல் கூடம்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"ஒற்றுமைக்கு ஆதாரம் இருக்கா?" என்றார் இரண்டாவது ஜன்னலில் இருந்தவர்.

"பேருதானுங்களே."

"பேர்ல இருக்கறதை நாங்க ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். 'நேர்மை'ன்னு ஒரு கம்பெனிக்குப் பதிவு பண்ணிக் குடுத்துட்டு நாங்க கோர்ட்டுக்கு நடந்தது எங்களுக்குத்தான் தெரியும்."

ஏற்கெனவே எடுத்துக்கொள்ளப்படாத பெயராகவும் இருக்க வேண்டும். அதை விண்ணப்பதாரர்களே தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்கட்டில் ஓர் அறை நிறையப் பேரேடுகள். பெயர்கள் அகர வரிசையில் இல்லை, விண்ணப்பம் கொடுத்த அன்று அடித்த வெயில் மழையைப் பொறுத்து அடுக்கியிருந்தார்கள் போலிருந்தது. மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடினார்கள். அன்பு, நட்பு, நம்பிக்கை, சகோதரர்கள், இரட்டையர் என்று நல்ல சொற்கள் எல்லாவற்றையும் யாராவது எடுத்திருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. கோடு என்றால் கலைந்துவிட்டது என்று அர்த்தமாம். கடைசியில் தும்மல் தாங்காமல், படிவத்தில் கண்ணில் பட்ட முதல் சொல்லையே வைத்து 'மேற்படி பல் கூடம்' என்று எழுதினார் மேல்வரிசை. அந்தப் பெயர் யாரிடமும் இல்லை. உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்தது ஆட்சேபணை. இவர்கள் கூட்டுச் சேருவதில் பொதுமக்களில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று ஓர் அறிவிப்பைக் கடை வாசலில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினார்கள். கீழே இருந்த இஸ்திரிக்காரர் தினமும் அதைப் படித்தார். சர்க்கார் காகிதம், பதில் போடாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டது. 'இவர்கள் தங்கமான மனிதர்கள். எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை' என்று எழுதித் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

பதிவகம் அதை ஆட்சேபணை எண் ஒன்று என்று பதிந்துகொண்டது.

விசாரணைக்கு இஸ்திரிக்காரர் வரவழைக்கப்பட்டார். "உங்க ஆட்சேபணையை வாபஸ் வாங்கறீங்களா, இல்லையா?" என்று கேட்டார்கள். "எனக்கு ஆட்சேபமே இல்லீங்களே," என்றார் அவர். "அதைத்தான் வாபஸ் வாங்கறீங்களான்னு கேக்கறோம்." வாங்கினால் ஆட்சேபம் இருக்கிறது என்று ஆகிவிடுமோ என்று பயந்து இஸ்திரிக்காரர் வாங்க மறுத்தார். மறுத்ததால் ஆட்சேபணையில் உறுதியாக நிற்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று வாய்தா போனது. நான்காவதில் மனிதர் அழாத குறையாக, "இவங்க தங்கமானவங்கன்னு நான் சொன்னது தப்புங்க," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிரே வந்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதமும் பத்து நாளும் ஓடிவிட்டன. ஐந்தாவது ஜன்னலைத் தாண்டினால் பதிவாளர் அறை. பதிவாளர் ஒல்லியான, சுத்தமான மனிதர். மேசையில் ஒரு தூசி கிடையாது. இருவரையும் உட்காரச் சொன்னார்; பதிவகத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அதுதான்.

"எல்லாம் முடிஞ்சுது. படிவம் இருபத்துமூணு மட்டும் பாக்கி," என்றார் பதிவாளர். "பிரிவுக் காரணப் பட்டியல். எந்தெந்தக் காரணத்துக்காக நீங்க ரெண்டு பேரும் பிரிவீங்கன்னு ஆளுக்குப் பத்துக் காரணம் எழுதணும். ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. தனித்தனி உறை, தனித்தனி அரக்கு."

"நாங்க பிரியப் போறதில்லீங்க," என்றார் மேல்வரிசை.

பதிவாளர் புன்னகை செய்தார். குழந்தை பேசுவதைக் கேட்டதுபோல இருந்தது அந்தப் புன்னகை.

"இந்த ஆபீஸை ஆரம்பிச்சப்ப, ஜனங்க சேர்றதுக்கு உதவி பண்ணணும்னுதான் ஆரம்பிச்சாங்க. முப்பது வருஷமா நானே பாத்துட்டு வரேன். சேர்றவங்கதான் பிரியறாங்க. சேராதவங்க ஒருத்தர்கூடப் பிரிஞ்சதா எங்க ரெக்கார்டுல இல்லை. அதனால பிரியற ஏற்பாட்டை முதல்ல கச்சிதமா முடிச்சுட்டு, அப்புறம்தான் சேர விடறோம். இதெல்லாம் எங்களுக்காக இல்லைங்க. உங்க நல்லதுக்கு."

"பதினாறு வருஷத்துல சண்டைன்னு ஒண்ணு போட்டதே இல்லீங்க."

"அதான் கவலையா இருக்கு. முன் அனுபவம் இல்லாத பார்ட்டி நீங்க."

"எங்களுக்குள்ள நம்பிக்கை இருக்குங்க சார்."

"அப்படியா? அதோட நகல் ஒண்ணு இணைச்சிடுங்க," என்றார் பதிவாளர், கிண்டலே இல்லாமல்.

மேல்வரிசை அன்றே பத்துக் கட்டத்திலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, அரக்கு வைத்து, மூன்றாவது ஜன்னலில் கொடுத்தார். உறைகளைப் பரிசீலிப்பது மூன்றாவது ஜன்னல் குமாஸ்தா. உதட்டை அசைக்காமல் பேசுகிறவர். இரண்டு நாளில் உறை திரும்பி வந்தது. 'காரணம் காட்டப்படவில்லை' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

மேல்வரிசை யோசித்து யோசித்து இன்னொன்று எழுதினார். ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அச்சு வார்க்கிற பிளாஸ்டரில் தண்ணீரை அதிகமாக விடுவார். மத்தியானம் சாப்பிட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கி மேசையில் முட்டிக்கொள்வார். என் டம்ளரில் தண்ணீர் குடிப்பார். எழுதும்போதே மேல்வரிசைக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளைமேல் பிரியம் கூடியது. அதுவும் திரும்பி வந்தது. 'காரணங்களில் கனம் போதாது.'

"இதுக்கெல்லாம் யாரு சார் பிரிவாங்க?" என்றார் குமாஸ்தா. பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உதடு அசையாமல், "நீங்க சாது மனுஷன், அதனால சொல்றேன். உங்க ஆளு எடுத்த எடுப்புலேயே ரெண்டு தாள் குடுத்திருக்காரு. இணைப்பு வேற. நாளைக்கு ஒண்ணுன்னா அவர் பேப்பர்தான் பேசும். உங்க பக்கம் வெறும் ரேடியோவும் டம்ளரும்தான் நிக்கும்," என்றார்.

மேல்வரிசை நம்பவில்லை. நம்ப மாட்டேன் என்று தனக்குத்தானே சத்தமாகவே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். நம்பாததற்குக் காரணம் இருந்தது. ஆறு மாதமாக அவருக்கு வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. மெழுகில் முன்பல்லை நிறுத்தும்போது கத்தி முனை துள்ளும். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னார். "தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம் மாப்ள, அழுவா," என்றார். கீழ்வரிசை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல மச்சான்," என்றார். அன்றிலிருந்து மேல்வரிசை பல்லை அடுக்கி வைத்ததும், கீழ்வரிசை ஒன்றும் பேசாமல் அதை எடுத்து, துள்ளிய இடங்களைச் சரிசெய்து வைத்துவிடுவார். அந்த மனிதனா இரண்டு தாள் எழுதுவான்?

ஆனாலும் காதில் விழுந்தது விழுந்ததுதானே. மறுநாள் மேசையில் உட்கார்ந்தபோது கீழ்வரிசை நிமிர்ந்து பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. "என்ன எழுதினீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கக்கூடாது என்பது விதி. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரு விதியை மதித்தார்கள். அன்றைக்குக் கட்டிய செட் கடி சேரவே இல்லை. கீழ்வரிசை "ம்" சொல்லவில்லை. "உங்க பக்கம் தூக்கலா இருக்கு மச்சான்," என்றார். "உங்க பக்கம் இறக்கி இருக்கீங்க," என்றார் இவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து நினைவூட்டல் வந்தது. இன்னும் எட்டு நாள்தான் கெடு.

மேல்வரிசை மூன்றாவது முறை எழுத உட்கார்ந்தார். ஒன்பது காரணங்களைப் பழையதிலிருந்தே எடுத்துக்கொண்டார். பத்தாவது கட்டம் காலியாக இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வானொலி அறிவிப்பாளரின் கீழ்ப்பல் செட்டைக் கெட்டியாவதற்காக அடுப்பில் கொதிக்க விட்டுவிட்டு மாப்பிள்ளை மறந்து போய்விட்டார். கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, கெட்டுப்போனது. அறிவிப்பாளர் இரண்டு வாரம் செய்தி வாசிக்க வரவில்லை. டாக்டர் வந்து கத்தியபோது, "என் தப்புங்க," என்று மேல்வரிசைதான் முன்னால் போய் நின்றார். அதைப் பத்தாவது கட்டத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் கை கழுவிவிட்டு வந்தார். இந்தத் தடவை உறை திரும்பி வரவில்லை.

வாசிப்பு நாள் என்று ஒன்று வைத்தார்கள். இரு தரப்புக் காரணங்களையும் இரு தரப்பும் இருக்கும்போது பதிவாளர் உரக்கப் படிக்க வேண்டும், தெரிந்தேதான் சேருகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், உடனே சான்றிதழ். இதற்காகப் பதிவாளர் கோட்டு அணிந்து வந்திருந்தார். முதல் ஜன்னல் அம்மாளும் மூன்றாவது ஜன்னல் குமாஸ்தாவும் சாட்சிகளாகச் சுவரோரம் நின்றார்கள்.

பதிவாளர் முதலில் மேல்வரிசையின் உறையை உடைத்தார். ரேடியோவுக்குக் கீழ்வரிசை சிரித்துவிட்டார். டம்ளருக்கு, "அட, இது வேறயா மச்சான்," என்றார். மேல்வரிசைக்கு உயிர் வந்தது. பத்தாவதைப் பதிவாளர் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். கீழ்வரிசையின் சிரிப்பு நின்றது. தரையைப் பார்த்தார். அவர் காது சிவந்துபோனதை மேல்வரிசை பார்த்தார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

பிறகு அடுத்த உறை. இரண்டு தாள், ஓர் இணைப்பு. குமாஸ்தா பொய் சொல்லவில்லை.

"ஒண்ணு," என்றார் பதிவாளர். "என்னைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது தாம்தான் என்று மேற்படி கூட்டாளி வருடத்துக்கு இரண்டு முறையாவது நாலு பேர் முன்னிலையில் சொல்லிக் காட்டுவார்."

மேல்வரிசை சொல்லியிருக்கிறார். பெருமையாகச் சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"ரெண்டு. வெளிச்சமுள்ள ஜன்னல் பக்கத்தைப் பதினாறு வருடமாக அவரே வைத்திருக்கிறார். மூணு. கடி சேராதபோதெல்லாம் தம்முடைய வரிசையைத் தொடாமல் என்னுடையதையே சீவச் சொல்வார்."

நாலு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டிருந்தது. எல்லாமே உண்மை. அதுதான் தாங்கவில்லை. ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம்.

பத்து முடிந்து இணைப்புக்கு வந்தார் பதிவாளர். "பதினொண்ணு. மேற்படி கூட்டாளியின் வலது கை நடுங்குகிறது. இதை டாக்டர்களிடமிருந்து மறைத்திருக்கிறார். ஆறு மாதமாக மேல்வரிசைப் பற்களை முடித்துக் கொடுப்பது நான்தான். அவர் பெயருக்கு உட்கார்ந்திருக்கிறார்."

அறையில் இருந்த எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். மேல்வரிசை அதை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள," என்றார். "இதையுமா?"

"நீங்க ரெண்டு தாள் எழுதிட்டீங்கன்னு சொன்னாங்க மச்சான்," என்றார் கீழ்வரிசை, தலை நிமிராமலே. "என் பக்கம் வெறும் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்திருந்தேன். நாளைக்கு உங்க பேப்பர்தான் பேசும்னு சொன்னாங்க."

மேல்வரிசை சுவரோரம் பார்த்தார். மூன்றாவது ஜன்னல் குமாஸ்தா பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"இதுல தப்பா நினைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை," என்று பதிவாளர் அன்பாகக் குறுக்கிட்டார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊக்கம் குடுக்கணும்னு எங்க ஆளுங்களுக்கு உத்தரவு. பாரபட்சம்ங்கற பேச்சுக்கே இங்க இடமில்லை. ஆனா ஒரு சின்ன விஷயம். படிவத்துல நாங்க கேட்டது, வரக்கூடிய காரணம். உங்க பதினொண்ணாவது ஏற்கெனவே வந்துட்ட காரணம். விதிப்படி, காரணம் வந்த நிமிஷமே கூட்டு கலையும். அதனால இன்னைக்கு பதினொண்ணு இருபதுக்கு உங்க கூட்டு பதிவாகுது, பதினொண்ணு இருபத்தஞ்சுக்குக் கலையுது. சட்டப்படி ரெண்டு சர்டிபிகேட்டும் உங்களுக்கு உண்டு." அவர் எழுந்து நின்று கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல தகராறே இல்லாம, கோர்ட்டுக்குப் போகாம, இவ்வளவு முறையாக் கலைஞ்ச கூட்டு உங்களோடதுதான். இந்தக் கோப்பை மத்த ஆபீஸ்களுக்கு மாதிரியா அனுப்பப் போறேன்."

அம்மாளும் குமாஸ்தாவும் கை தட்டினார்கள்.

நல்ல மனசுக்கார அம்மாள் ஓடிப்போய் ஒற்றைத் தாள் படிவம் இரண்டைக் கொண்டுவந்தார். "இனிமே தனித்தனிதானே? அரை மணி நேர வேலை," என்று மேல்வரிசை முன்னால் ஒன்றை வைத்தார். இன்னொன்றை நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் மேடம்," என்றார் கீழ்வரிசை. "எங்கிட்ட ஒண்ணு இருக்கு." சட்டைப் பையை அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேல்வரிசை அவர் பையைப் பார்க்கவில்லை. மேசையில் விரிந்து கிடந்த இரண்டு தாள்களையும் இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். மாப்பிள்ளையின் எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். இது குண்டு குண்டான, வரி பிசகாத எழுத்து. 'ண'வுக்கு மூன்று சுழி போதாமல் நாலாவதும் ஒன்று. அப்பா இல்லாத வீட்டில், சிலேட்டில் அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவர் அவர். மூணு சுழி போதும்மா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். தங்கச்சி எப்போதும் நாலுதான் போட்டாள்.

ஆக அவளுக்குத் தெரியும். தெரிந்து, அழாமல், பக்கம் ஒதுக்கி, எண் போட்டு எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளையை மன்னிக்க மேல்வரிசைக்கு வழி தெரிந்திருந்தது. அவர் வெளியிலிருந்து வந்த மனிதர் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்லிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பதிவாளர் முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினார். காகிதத்துக்கு மேல் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"இதென்ன, பதினொண்ணுல ஓர் அடித்தல் இருக்கே?"

குமாஸ்தா குனிந்து பார்த்தார். "ஆமா சார். முதல்ல வேற ஒரு வார்த்தை எழுதி, அதை அடிச்சுட்டு, 'மேற்படி கூட்டாளியின்'னு மேல எழுதியிருக்கு."

"அடித்தல் திருத்தம் இருந்தா செல்லாதுப்பா. கோப்பையே மாதிரிக்கு அனுப்பறோம். யாரைப் பத்தின வார்த்தையோ அவர் ஒப்புக்கிட்டு அதும் மேலயே கையெழுத்துப் போடணும்." பதிவாளர் தாளை மேல்வரிசை பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து கொடுத்தார். "நீங்கதான் போடணும் சார். இங்க."

மேல்வரிசை அந்த இடத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கோடுதான் இழுத்திருந்தாள். கீழே இருந்ததை நன்றாகப் படிக்க முடிந்தது. 'அண்ணனின்' என்று இருந்தது.

"இதை அடிச்சது சரிதான்னு ஒத்துக்கறீங்க, அவ்வளவுதான்," என்றார் குமாஸ்தா உதவியாக. "முழுக் கையெழுத்து. வார்த்தைக்கு வெளியே போகாம."

கீழ்வரிசை என்னவோ சொல்ல எழுந்தார். மூன்றாவது ஜன்னல் கை காட்டி அவரை உட்கார வைத்தது. மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து, அது நடுங்குவதை அறையிலிருந்த எல்லோரும் பார்க்க, மேல்வரிசை அந்தச் சொல்லின் மேல் கையெழுத்துப் போட்டார்.

பதிவாளர் தாளைத் திருப்பி, ஈரம் காய ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்பத்தான் எல்லாம் முறையா இருக்கு," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.